அனுப்பிய அதே பொருள் திரும்பட்டும்
அரும்பொருள் இணைய விற்பனையில் ரிட்டர்ன் மோசடி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பழைய நாணயம், பணத்தாள், அஞ்சல்தலை ஆகியவற்றைச் சேகரிப்பவர்களும், அவற்றைச் சிறிய அளவில் விற்பவர்களும் சேர்ந்து நடத்துவது எங்கள் சங்கம். இணையத்தில் விற்ற பொருளைத் திருப்பி அனுப்பும் வசதியைச் சிலர் ஏமாற்று வழியாக மாற்றிக்கொண்டிருப்பது பற்றி உறுப்பினர்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். உண்மைப் பொருளை வைத்துக்கொண்டு போலியை அனுப்பிவிட்டு, பணத்தையும் திரும்பப் பெற்றுவிடுகிறார்கள். இதில் எங்கள் சங்கம் எங்கே நிற்கிறது என்பதை வாங்குபவர்கள், விற்பவர்கள், விற்பனைத் தளங்கள், அரசு என அனைவருக்கும் தெரிவிக்கவே இந்த அறிக்கை.

நிலைப்பாட்டின் சுருக்கம்

1. வாங்குபவரின் ரிட்டர்ன் உரிமையை நாங்கள் முழுமையாக ஆதரிக்கிறோம். போலியோ, விவரத்துக்கு மாறான பொருளோ வந்தால் அதைத் திருப்பி அனுப்பிப் பணம் பெற அவருக்கு உரிமை உண்டு.

2. திரும்பி வந்தது அனுப்பிய அதே பொருள்தான் என்று உறுதியான பிறகே பணம் விடுவிக்கப்பட வேண்டும்.

3. இரு தரப்பும் முரண்பட்டால், பொருளை அறிந்த மூன்றாவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தளத்தின் தானியங்கி முடிவு போதாது.

4. மோசடியைத் தடுப்பதாகச் சொல்லி வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குழுக்களில் பரப்புவதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம்.

அரும்பொருள் ஏன் வேறு?

கடையில் வாங்கிய மிக்சி சரியில்லை என்றால் அதே மாடலில் இன்னொன்றைத் தந்துவிடலாம். அதற்காக எழுதிய ரிட்டர்ன் விதிகளையே பெரும்பாலான தளங்கள் அரும்பொருளுக்கும் பொருத்துகின்றன. சிக்கல் தொடங்குவது அங்கேதான். ஒரே ஆண்டில், ஒரே அக்கசாலையில் அடித்த இரண்டு நாணயங்கள்கூட விலையில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடலாம்.

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1938-ஆம் ஆண்டு ரூபாய் சந்தையில் கிடைக்கக்கூடியது. 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக மிக அரிது. இரண்டுக்கும் எடை ஒன்றே: 11.66 கிராம். வெள்ளியின் தரமும் ஒன்றே: ஆயிரத்துக்கு 917 பங்கு. 1938-இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கும் வேலை சேகரிப்பாளர்களுக்குப் பழக்கமான மோசடி. அப்படி மாற்றிய நாணயம் ரிட்டர்ன் பார்சலில் வந்தால் தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. காந்தமும் உதவாது. இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தில் கருவி பட்ட கீறல் இருக்கிறதா, விளிம்பில் இருந்த சிறு வடு இப்போதும் அதே இடத்தில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும். கிடங்கில் பார்சலை ஸ்கேன் செய்து ‘பெறப்பட்டது’ என்று பதியும் ஊழியரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர் மீது பழி சொல்வதும் நியாயமில்லை.

அஞ்சல்தலையிலும் இதே நிலைதான். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி தலைகள் நான்கு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். இந்தத் தொகுப்பின் விலையில் பெரும்பங்கு 10 ரூபாய்த் தலைக்கே. மற்ற மூன்றையும் அப்படியே வைத்து அந்த ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினால், ‘நான்கு தலைகள் திரும்பிவிட்டன’ என்றே பதிவாகும்.

மோசடி நடக்கும் விதங்கள்

எங்களிடம் வந்த முறையீடுகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, பொருளை மாற்றி அனுப்புவது. இரண்டாவது, தொகுப்பில் ஒன்றை உருவிக்கொள்வது. நூறு தாள் கொண்ட கட்டில் விசேஷ எண் உள்ள நோட்டு மட்டும் காணாமல் போகும். மூன்றாவது, வெறும் பெட்டியையோ வேறு ஏதாவது சாமானையோ அனுப்பிவிட்டு, கண்காணிப்பு எண்ணைக் காட்டிப் பணம் கேட்பது. நான்காவது, வாங்கிய பின் பொருளைக் கெடுப்பது: பல ஆண்டுகளில் படிந்த இயற்கை நிறத்தைப் பாலிஷ் போட்டு நீக்கிவிட்டு, ‘சுத்தம் செய்த நாணயத்தை விற்றுவிட்டார்’ என்று புகார் சொல்வது. ஐந்தாவது, திருப்பி அனுப்பாமலேயே மிரட்டுவது: பாதிப் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ‘போலி’ என்று மதிப்புரை எழுதுவேன் என்பார்கள்.

மனம் மாறி அல்லது வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்துத் திருப்பி அனுப்புபவர்களை இந்த வரிசையில் நாங்கள் சேர்க்கவில்லை. ஆனால் அனுப்பும் செலவை விற்பவர் தலையில் கட்டுவதற்காக, நல்ல பொருளைப் ‘போலி’ என்று குறிப்பிடுவது பொய்ப் புகார்தான். அந்தக் குறிப்பு விற்பவரின் கணக்கில் கறையாக நிற்கும்; அதைத் துடைக்க அவர் படும் பாடு சொல்லி மாளாது.

சட்டம் சொல்வது

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மின்வணிகத்துக்கான விதிகள் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் மறுக்க முடியாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் சொல்கின்றன. இவை நல்ல விதிகள். ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி வைத்துத் தப்பிக்க நினைக்கும் விற்பனையாளர்களுக்கு எங்கள் ஆதரவு கிடையாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பதிப்புரிமை, வணிகக்குறி, தகவல் தொழில்நுட்பச் சட்டங்களின் கீழ் நீக்கப்பட்ட பொருள்களைத் திரும்பத் திரும்ப விற்பவர்களை அடையாளம் காணும் பதிவுகளைத் தளங்கள் பராமரிக்க முயல வேண்டும் என்கின்றன அதே விதிகள். பொய்க் காரணம் சொல்லித் திரும்பத் திரும்ப ரிட்டர்ன் செய்பவர் பற்றி இப்படியொரு கடமை அவற்றில் இல்லை. திரும்பி வரும் பொருளின் அடையாளத்தை எப்படிச் சரிபார்ப்பது என்றும் அவை சொல்லவில்லை.

உண்மைப் பொருளை வைத்துக்கொண்டு போலியை அனுப்பிப் பணம் பெறுவது வெறும் வாடிக்கையாளர் தகராறு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ தர வைத்தால் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘இது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள பிரச்சினை’ என்று சொல்லி, புகாரை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டாம் எனக் காவல் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

விற்பனைத் தளங்களிடம் எங்கள் கோரிக்கை

அரும்பொருளுக்குத் தனி ரிட்டர்ன் வகை ஒதுக்குங்கள். திரும்பிய பார்சல் விற்பவர் கைக்கு வந்து, அவர் அதைச் சரிபார்க்க மூன்று வேலை நாள்களாவது தந்த பிறகே பணத்தை விடுவியுங்கள். அதுவரை பணம் உங்களிடமே இருக்கட்டும். விற்பவரிடமும் தர வேண்டாம்.

‘போலி’ என்று காரணம் குறிப்பிடுபவரிடம், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டு படங்களும் நான்கு வரி விளக்கமும் போதும். நேர்மையாளருக்கு அது சுமையாக இருக்காது.

அனுப்பும்போது பதிவான எடையையும் திரும்பும்போது பதிவான எடையையும் தானாகவே ஒப்பிடுங்கள். வெறும் பெட்டி மோசடியில் பெரும்பகுதியை இந்த ஒன்றே தடுத்துவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம்.

தரச்சான்று நிறுவனங்கள் முத்திரையிட்ட உறையில் விற்ற நாணயம், உறை உடையாமல் இருந்தால் மட்டுமே திரும்ப ஏற்கப்படும் என்று விதியுங்கள். பி.சி.ஜி.எஸ். 1986-லும் என்.ஜி.சி. 1987-லும் தொடங்கிய இந்த உறை முறை உலகச் சந்தையில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் உறையையும் சான்று எண்ணையும் போலியாக அச்சிடுபவர்களும் உண்டு. ஆகவே எண்ணை மட்டும் சரிபார்த்து விட்டுவிடாமல், உறைக்குள் இருக்கும் நாணயத்தின் படத்தையும் ஒப்பிட வேண்டும்.

தகராறு முற்றினால், இரு தரப்பும் ஏற்கும் நிபுணரிடம் பொருளை அனுப்புங்கள். கட்டணத்தைத் தோற்பவர் ஏற்கட்டும். பொய்ப் புகார் என்று முடிவானால், விற்பவரின் கணக்கில் விழுந்த குறையை நீக்குங்கள்.

உறுப்பினர்களின் கடமை

பிறரிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டை நாம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றை உறுப்பினர்கள் அனைவரும் கடைப்பிடிக்கச் சங்கம் பணிக்கிறது.

பொருளின் குறையை விவரத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். சுத்தம் செய்தது, ஓட்டை அடைத்தது, பின்புறம் பசை மீண்டும் பூசியது என எதையும் மறைக்காதீர்கள். ரிட்டர்ன் தகராறுகள் பலவும் அரைகுறை விவரத்தில்தான் பிறக்கின்றன.

விலை உயர்ந்த ஒவ்வொரு பொருளையும் அனுப்பும் முன் ஆவணப்படுத்துங்கள். நாணயத்துக்கு இரு பக்கப் படம், விளிம்புப் படம், நூறில் ஒரு பங்கு கிராம் வரை எடை, விட்டம். பணத்தாளுக்கு வரிசை எண், மடிப்புகள், ஊசித் துளைகள். அஞ்சல்தலைக்கு முன்னும் பின்னும் 1200 டி.பி.ஐ. ஸ்கேன். தலையின் ஓரப் பற்களை அந்த ஸ்கேனில் உற்றுப் பாருங்கள்: தாளிலிருந்து பிரித்தபோது ஒரு பல் குட்டையாகியிருக்கும், அடுத்தது நார் விட்டிருக்கும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். முத்திரை விழுந்த இடமும் கோணமும் தலைக்குத் தலை மாறும். இத்தனையும் இன்னொரு தலையில் அப்படியே அமைவதில்லை. கைரேகைக்கு நிகரான சாட்சி இது.

பொதி கட்டுவதையும், திரும்பி வந்த பொதியைப் பிரிப்பதையும் வெட்டில்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். முகவரிச் சீட்டில் தொடங்கி, பொருள் தராசில் ஏறும் வரை கேமரா அதை விட்டு விலகக் கூடாது. எடை அச்சிட்ட அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். படங்களின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியை நம்பி இருக்க வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கோப்பு கையில் இருந்தால் அந்த வேலை எளிதாகும்.

தளத்துக்கு வெளியே பேரம் பேசாதீர்கள். செய்தியெல்லாம் தளத்தின் பெட்டியிலேயே இருக்கட்டும். பாதிப் பணம் கேட்டு மிரட்டுபவருக்குப் பணியாதீர்கள். முழு ரிட்டர்னுக்குச் சம்மதம் என்று எழுத்தில் சொல்லுங்கள். மோசடி நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதியுங்கள்.

நூறாண்டைக் கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்துக்குள் வரும். அதை வணிகமாக விற்க உரிமம் தேவை. உரிமமில்லாமல் விற்றுவிட்டு, ஏமாந்தபின் சங்கத்திடம் வந்தால் உதவ இயலாது.

எதை ஏற்க மாட்டோம்

ஏமாந்தவரின் கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் வாங்குபவரின் விவரங்களைக் ‘கருப்புப் பட்டியல்’ என்று சுற்றுக்கு விடுவது தவறு. பொருளைக் கொண்டு சேர்ப்பதற்காக அவர் நம்பித் தந்த முகவரி அது. தவறான சந்தேகத்தில் ஒரு நேர்மையாளரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் அதை யாராலும் முழுதாக அழிக்க முடியாது. புகார் தளத்துக்கும் காவல் துறைக்கும் போகட்டும். இதை மீறும் உறுப்பினர் மீது சங்கம் நடவடிக்கை எடுக்கும்.

வாங்குபவர்களுக்கு

உங்களை நாங்கள் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கு நிற்பதே உங்களால்தான். நாங்கள் கேட்கும் சரிபார்ப்பு உங்களையும் காக்கும்: ஒருவர் மாற்றி அனுப்பிய போலி மறுபடி சந்தைக்கு வந்தால், அடுத்து அதை வாங்கி ஏமாறுபவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். பொதியைப் பிரிக்கும்போது நீங்களும் வீடியோ எடுங்கள். பொருளைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். ஐயம் வந்தால் முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அப்படியும் தீராவிட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். நியாயமான ரிட்டர்னை எங்கள் உறுப்பினர் மறுத்தால், அவர் மீதான புகாரையும் நாங்கள் விசாரிப்போம்.

மின்வணிக விதிகளில் அரும்பொருள், கைவினைப் பொருள், பழம்பொருள் போன்ற ஒற்றைப் பொருள்களுக்குத் தனி ரிட்டர்ன் நடைமுறை சேர்க்கும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். விதி வரும்வரை தளங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எடையை ஒப்பிடவும் பணத்தை மூன்று நாள் நிறுத்திவைக்கவும் அவர்கள் இன்றே தொடங்கலாம். அந்த முதல் அடியை எடுத்து வைக்குமாறு அனைத்துத் தளங்களையும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.