செல்ஃப் எடுக்கலே!

‘டிக்... டிக்... டிக்...’

பல்லி என்று நினைத்துவிடாதீர்கள். என் புதுக் கார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ‘கர்ர்ர்’ என்று எழுந்திருக்க வேண்டிய இன்ஜின், பல்லி மாதிரி சகுனம் சொல்கிறது. டாஷ்போர்டு விளக்கெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் செட் போல ஒரு தரம் மின்னி அணைந்துவிட்டது.

இடம், நங்கநல்லூர். நேரம், காலை ஆறரை. பின் சீட்டில் அப்பா. மடியில் ஒரு பை, பைக்குள் துண்டு, ஃபிளாஸ்க், ஆஸ்பத்திரி ஃபைல். அன்றைக்கு அவருக்கு வலது கண்ணில் காடராக்ட் ஆபரேஷன்.

காரே அப்பாவுக்காக வாங்கியதுதான். 81 வயதில் ஆட்டோவுக்குள் குனிந்து ஏறுவதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்து, ஏழு வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து, கடைசி நாள் வரை சைக்கிளிலேயே ஆபீஸ் போன மனிதர். அப்படிப்பட்டவரை ஆபரேஷன் நாளில் காரில் உட்கார வைத்துவிட்டு, “அப்பா, கொஞ்சம் இறங்குங்க, ஆட்டோ பிடிக்கிறேன்” என்று சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும்!

“பரவாயில்லடா, ஆட்டோன்னா காத்து நல்லா வரும்” என்றார்.

சாயங்காலம் கண்ணில் கட்டோடு திரும்பி வந்தார். அதற்குள் எங்கள் ஃபிளாட்ஸில் எட்டு பேர் பேட்டரி நிபுணர்களாகியிருந்தார்கள். “ரெண்டு பேர் தள்ளினா எடுத்துக்கும்” என்றார் முதல் மாடிக்காரர். அந்தக் காலத்து அம்பாசடரை நாமெல்லாம் தள்ளியிருக்கிறோம். அதற்கும் முந்தின தலைமுறை, முன்னால் கம்பியைச் சொருகிச் சுற்றி ஸ்டார்ட் செய்தது. அந்தக் கம்பி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும் என்பதால்தான், அமெரிக்காவில் கெட்டரிங் என்கிறவர் பேட்டரியில் ஓடும் செல்ஃப் மோட்டாரைக் கண்டுபிடித்து, 1912-ல் காடிலாக் காரில் வைத்தார்கள். என்னுடையதோ கியர் தானே மாறிக்கொள்ளும் ரகம். தள்ளினால் தள்ளுகிறவருக்கு வேர்க்கும், அவ்வளவுதான்.

கடைசியில் இரண்டாம் மாடி பையன் ஜம்ப்பர் ஒயர் கொண்டுவந்தான். சிவப்பு ஒயர் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸ். மறு முனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டினான். கேட்டேன். “கடைசி ஒயர்ல பொறி வரும் அங்கிள். பேட்டரி கிட்ட ஹைட்ரஜன் கேஸ் இருந்தா படார்னு வெடிச்சிரும்” என்றான். முதல் மாடிக்காரர் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். கார் ‘கர்ர்ர்’ என்றது.

ஷோரூமுக்கு எடுத்துப் போனேன். சர்வீஸ் அட்வைசர் ஒரு சின்னப் பையன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும். சட்டையை டக்-இன் பண்ணி, கையில் டேப்லெட்.

“சார் டெய்லி எவ்ளோ ஓட்டுவீங்க?”

“கிண்டி ஆபீஸ். போக ஆறு, வர ஆறு. வாரத்துல மூணு நாள்.”

“அதான் சார். குட்டிக் குட்டி ஓட்டமா இருந்தா பேட்டரி ஃபுல்லே ஆகாது.”

அவன் சொன்னதில் தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கார் பேட்டரி என்பது 1859-ல் பிரான்சில் பிளான்டே செய்த அதே ஈயமும் அமிலமும்தான். ஆறு அறை, முழுசாக நிறைந்தால் 12.6 வோல்ட். 12.2-க்கு வந்தால் பாதி காலி. அவசரமாகக் காலியாகும், நிதானமாகத்தான் நிறையும். காலியாகவே விட்டுவைத்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பழைய தெம்பு வராது. ஆனால் அன்றைக்கு எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: ‘தப்பு உன் பேர்லதான்.’

சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். நானும் சந்தேகத்தின் பேரில், ஆசையாக மாட்டியிருந்த டாஷ்கேமைக் கழற்றினேன். இருபத்தைந்து நாள் ஒழுங்காக ஓடியது. அம்மாவின் திதி முடிந்த மறுநாள் காலை மறுபடியும் ‘டிக் டிக்’. ஜம்ப்பர் ஒயர். ஷோரூம். பத்து நாள் கழித்து மூன்றாவது தடவை.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தால், வண்டி ஃபேக்டரியை விட்டு வந்து ஐந்து மாதம் யார்டில் வெயில் காய்ந்த பிறகுதான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மேற்கோள் காட்டி இரண்டு பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். ‘மன உளைச்சல்’ என்கிற வார்த்தை மட்டும் நாலு இடத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஷோரூம் நடு ஹாலில் நின்று கத்தினேன். மேனேஜர் ஓடி வந்தார். அத்தனை கஸ்டமர்கள் முன்னால் அந்தப் பையனைப் பிடித்து, “சாரை ஏன் அலைய விடறே?” என்று வாங்கினார். பையன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸை அனுப்புமுன் ஓர் அத்தாட்சி வேண்டுமே என்று பழவந்தாங்கலிலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். வயசானவர். காதில் பென்சில். பானெட்டைத் திறந்து மைனஸ் ஒயருக்கு நடுவில் மல்டிமீட்டரைக் கோத்தார். கதவையெல்லாம் பூட்டச் சொல்லிவிட்டு, திட்டில் உட்கார்ந்துகொண்டார்.

“என்ன பண்றீங்க?”

“வண்டி தூங்கணும் சார். இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் உள்ள கம்ப்யூட்டர். பூட்டினதும் தூங்காது, அரை மணி முழிச்சிட்டிருக்கும்.”

அரை மணி கழித்துக் காட்டினார். 28 மில்லி ஆம்பியர். ஐம்பதுக்குள் இருந்தால் நியாயமாம். கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் அவ்வளவு வேண்டும்.

“லீக்கேஜே இல்ல சார். ரெண்டு வாரம் நின்னாலும் எடுக்கும். ஆல்டர்னேட்டரும் பதினாலு வோல்ட் குடுக்குது. வண்டி சுத்தம்.” கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “ராத்திரில யாரோ வண்டியில கை வைக்கிறாங்க.”

வாட்ச்மேனைத்தான் நினைத்தேன். அவரை நேரே கேட்காமல் ராத்திரி நானே இறங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு ராத்திரி கொசு கடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஒன்றே கால் மணிக்குப் போனால் காருக்குள் லேசான நீல வெளிச்சம். டிரைவர் சீட்டில் அப்பா. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, டி.ஆர். மகாலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். என் பெண் பழைய பாட்டாகப் பார்த்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். சாவி இரண்டாவது கட்டத்தில். புழுக்கத்துக்கு ஃபேன் வேறு.

கதவைத் திறந்தேன். திடுக்கிட்டார். முதல் காரியமாகப் பாட்டை நிறுத்தினார்.

“தூக்கம் வரலடா. மேல வெச்சா எல்லாருக்கும் தொந்தரவு. புள்ளைக்குப் பரீட்சை.”

“எத்தனை நாளா?”

“டெய்லி இல்ல. என்னமோ ஒரு மாதிரி இருந்தா வருவேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தேன். அம்மா திதி அன்னிக்கு ராத்திரி...”

எனக்குக் கணக்கு ஓடியது. ஃபேன், பாட்டு, சாவி போட்டதும் விழித்துக்கொள்ளும் சமாச்சாரங்கள் எல்லாம் சேர்த்துப் பத்து ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு இருபது. என் பேட்டரியின் கொள்ளளவே முப்பத்தைந்து. கிண்டிக்குப் போய் வந்து அதை எங்கே நிரப்ப!

“ரெண்டாவது தடவையே எனக்கு சந்தேகம்தான்” என்றார். “பாட்டு கேட்டா பேட்டரி எறங்குமான்னு தெரியல. கேட்டா நீ சிரிப்பே. இல்ல, வருத்தப்படுவே.”

நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். ஷோரூமில் கத்தியதைச் சொன்னேன். அந்தப் பையன் தலைகுனிந்து நின்றதையும் சொன்னேன். அதுவரை சாதாரணமாக இருந்த அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“சின்னப் பையனாடா? காலைல முதல்ல அவன்கிட்ட போ.”

போனேன். நோட்டீஸைக் கிழித்த கதையைச் சொல்லி, புது பேட்டரிக்கு என் கைக்காசைக் கட்டினேன். மூன்று தடவை காய்ந்த பேட்டரி பாதி உயிரோடுதான் இருந்தது. மேனேஜரிடமும் சொன்னேன். அவர், “இட்ஸ் ஓகே சார்” என்று அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டார். பையன்தான் தயங்கித் தயங்கி, “சார், போன வாரம் ஃபீட்பேக் கேட்டு உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்துதே...” என்றான்.

வந்தது. பத்துக்கு ஒன்று போட்டிருந்தேன். பூஜ்யம் போட வழியில்லாததால்.

“அதை இப்ப மாத்திடலாமா?”

“முடியாது சார். ஒரு தடவை அனுப்பினா அனுப்பினதுதான். இந்த மாசம் இன்சென்டிவ் போச்சு.” சிரிக்கத்தான் செய்தான். “தாத்தாவுக்குக் கண்ணு நல்லா தெரியுதா சார்?”

அன்றைக்கே அப்பாவுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் வாங்கிக்கொண்டு போனேன். காதை அடைக்கிறது என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் நானும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் வரை போய்த் திரும்புகிறோம். பேட்டரிக்கு நல்லது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நேற்று குரோம்பேட்டை தாண்டும்போது அப்பா கேட்டார்: “ஏண்டா, ஏ.சி. போட்டா பேட்டரி எறங்குமா?”

“இன்ஜின் ஓடறப்போ எறங்காதுப்பா.”

“அப்ப போடு. நாலு நாளா புழுங்கிக்கிட்டு வரேன்.”