சின்னத்திரை மீது மட்டும் பழி எதற்கு?

நம் கூட்டங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், யாராவது ஒருவர் எழுந்து "எல்லாம் இந்த டி.வி. செய்கிற வேலை" என்று சொல்லிவிட்டு உட்காருவார். கைதட்டலும் கிடைக்கும். நான் மட்டும் கைதட்டுவதில்லை. காரணம், நானே நாற்பது வருட டி.வி. பைத்தியம். என் கட்சியையும் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

1984-இல் தூரதர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தபோது நான் பள்ளி மாணவன். சரத் ஜோஷி எழுத, குந்தன் ஷா போன்றவர்கள் இயக்கிய தொடர். கணவன் மனைவியாக ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும், மைத்துனனாக ராகேஷ் பேடியும் நடித்தார்கள். பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஒரு வீடு, அதற்குள் வாராவாரம் ஒரு குழப்பம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் பம்பாய்க் கட்டடத்தில் டி.வி. இருந்த வீடுகளில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

என் அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஹிந்தி, காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற அளவோடு சரி. அவள் டி.வி.யைப் பார்க்கமாட்டாள், எங்கள் முகத்தைப் பார்ப்பாள். நாங்கள் சிரித்த பிறகு, அரை நொடி கழித்துத் தானும் சிரிப்பாள். ஒரே ஒரு நடிகருக்கு மட்டும் விதிவிலக்கு: சதீஷ் ஷா. வாரம் ஒரு புது வேடத்தில் வருவார். அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தாலே அம்மா எங்களுக்கு முன்னால் சிரித்துவிடுவாள். கொஞ்ச நாளில் "என்ன சொன்னான், என்ன சொன்னான்?" என்று எங்களைக் குடைய ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஹிந்தி வந்தது அப்படித்தான். எந்த வகுப்புக்கும் அவள் போகவில்லை. 2025 அக்டோபரில் சதீஷ் ஷா மறைந்த செய்தி வந்தபோது, என் அம்மாவின் ஹிந்தி வாத்தியார் போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேற்றுமொழி நடுவில் வாழ்கிறவர்களின் கஷ்டத்தையே நகைச்சுவையாக்கிய தொடர், 1993-இல் வந்த 'ஜபான் சம்பால்கே'. 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்ற பிரிட்டிஷ் தொடரைத் தழுவியது. என்ஜினியரிங் படித்துவிட்டு ஹிந்தி வாத்தியாராகிறார் பங்கஜ் கபூர். அவரிடம் படிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு உச்சரிப்பு. எல்லாரும் தப்பாகப் பேசினார்கள். ஆனால் யாரும் வகுப்பை விட்டு ஓடவில்லை. ஒருவர் தப்பைப் பார்த்து இன்னொருவர் சிரித்தால், அடுத்த நிமிஷம் சிரித்தவரே தப்புச் செய்வார். அதுதான் அந்தத் தொடரின் அழகு.

கார்ட்டூனுக்கு வருகிறேன். அதே 1993-இல் ஹிந்தி பேசிக்கொண்டு வந்தான் மோக்லி. 'ஜங்கிள் புக்' எழுதிய கிப்ளிங் 1865-இல் பிறந்தது நம் பம்பாயில். கதை நடப்பது மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டில். அதைப் படமாக்கியவர்கள் ஜப்பானியர்கள். குல்ஜார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தலைப்புப் பாட்டு, ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பியைத் தட்டி எழுப்ப வேண்டிய அவசியமே இருந்ததில்லை. 'டக் டேல்ஸ்', 'டேல் ஸ்பின்' எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு மோக்லிக்கே. ஓநாய்களிடம் வளர்ந்து, காட்டில் ஒவ்வொரு கூட்டத்தின் பேச்சையும் கற்றுக்கொண்ட பையன் அவன். நம் பிள்ளைகளும் வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, தெருவில் ஒன்று என்றுதானே வளர்கிறார்கள்?

பாப் இசை என்றாலே நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். 1992-இல் பாபா சேகல் 'தண்டா தண்டா பானி' என்று ஆரம்பித்தபோது நானும் கொஞ்சம் சுளித்தேன். 1995-இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இண்டியா' நன்றாக இருந்தது. ஒலிபெருக்கியில் நூறு தடவை கேட்ட பிறகு போதும் என்றாகிவிட்டது. ஆனால் 1996-இல் வந்த 'கலோனியல் கஸின்ஸ்' ஆல்பத்தை இன்றைக்கும் கேட்கிறேன். பாடியவர்கள் லெஸ்லி லூயிஸும் ஹரிஹரனும். கர்நாடக சங்கீதம் பாடிய அலமேலு மணி, எச்.ஏ.எஸ். மணி தம்பதியின் மகன் ஹரிஹரன், வளர்ந்தது மும்பையில். வியாசராயரின் கன்னடக் கீர்த்தனை ஒன்றைக் கிதாரோடு பாடி நாடு முழுக்க முணுமுணுக்க வைத்தார். 1998-இல் ஒரே மூச்சில் பாடியதுபோல 'பிரெத்லெஸ்' பாடிய சங்கர் மகாதேவன், செம்பூரில் பிறந்த தமிழ் வீட்டுப் பிள்ளை. நம் வீட்டுச் சங்கீதம் இவர்களால் கெட்டா போயிற்று? ஊருக்குள் போய்ப் பாடிப் பெயரும் வாங்கிக்கொண்டு வந்தது.

அப்படியானால் தமிழ் எங்கே நழுவுகிறது? இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு விழா மேடையில், அப்போது எட்டு வயதான என் மகள் திருக்குறள் சொன்னாள். 'வாழ்' என்று வரவேண்டிய இடத்தில் 'வால்' என்றாள். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "யாரோட வாலும்மா?" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து ஹிந்தியில்தான் பதில் வந்தது.

2004-இல் வந்த 'சாராபாய் வர்சஸ் சாராபாய்' என் அபிமானத் தொடர்களில் ஒன்று. கஃப் பரேடு மாமியார் மாயாவாக ரத்னா பாடக் ஷா, மாமனாராக அதே சதீஷ் ஷா. மருமகள் மோனிஷா வாய் திறந்தால் போதும், மாயா திருத்துவாள். பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்த விழாவுக்குப் பிறகு மறு ஒளிபரப்பில் பார்த்தபோது, மாயா இருந்த இடத்தில் நான் தெரிந்தேன். ஒரு வித்தியாசம்: மோனிஷா அடுத்த வாரமும் அதே உற்சாகத்தோடு வந்துவிடுவாள். என் மகள் மேடைக்குத் திரும்ப வரவில்லை.

போன மாதம் டி.வி.யில், 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்கிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தற்செயலாகத் திரும்பினேன். அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நொடி கழித்துச் சிரித்தாள். பிறகு, "அப்பா, அவர் என்ன சொன்னார்?" என்றாள். தமிழில்தான் கேட்டாள். அந்தக் காட்சியை மூன்று தடவை போட்டு, வரிவரியாகச் சொன்னேன். அவள் உச்சரிப்பை நான் திருத்தவில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம் இதுதான். பட்டிமன்றம் இருக்கட்டும், ஒப்புவித்தல் போட்டியும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல தமிழ் நகைச்சுவை ஏதாவது ஒன்றைத் திரையில் போடுங்கள். பரிசு வேண்டாம், நடுவர் வேண்டாம். பிள்ளைகள் புரியாததைக் கேட்கட்டும், பெரியவர்கள் சொல்லட்டும். முன்வரிசையை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

டி.வி.யைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.