அட்டவணை கொடுப்பது சலுகையா?

பாலமுனை தொடங்கிக் கல்முனை ஈறாக நீளும் நம் கரையோர ஊர்களில், உயர்தர விஞ்ஞானப் பிரிவிற் பிள்ளையைச் சேர்த்துவிட்ட பெற்றோரிடத்தும், அப்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர் சிலரிடத்தும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. பரீட்சை மண்டபத்தில் தரவு அட்டவணையைக் கையிற் கொடுப்பது பலவீனனுக்குக் காட்டும் சலுகையென்றும், எண்களை நெஞ்சிற் பதித்தவனே இரசாயனம் கற்றவனென்றும் அவர்கள் சாதிக்கிறார்கள். ஆனால் நம் உயர்தர இரசாயனவியல் வினாத்தாளோ ஆவர்த்தன அட்டவணையையும், அகில வாயு மாறிலி, அவகாதரோ மாறிலி ஆகியவற்றின் பெறுமானங்களையும் அச்சிட்டே தருகிறது. கணிப்பானைக் கூட உள்ளே விடாத பரீட்சைத் திணைக்களம் இரக்கத்தினால் இதைச் செய்கிறதென்று யாரும் நம்பமாட்டார்.

மனனத்தை இழித்துரைப்பது என் கருத்தன்று. திருக்குர்ஆனை முழுவதும் நெஞ்சிற் சுமக்கும் ஹாபிழ்களைப் போற்றி வளர்ந்த சமூகம் நம்முடையது. அங்கே ஓரெழுத்தும் மாறலாகாது, ஆதலால் மனனமே காவல். இரசாயன எண்களின் சுபாவமோ இதற்கு நேர்மாறானது. அணுத்திணிவின் அளவுகோல் 1961இல் ஒட்சிசனிலிருந்து காபன்-12க்கு மாறிற்று. 1982இல் நியம அமுக்கம் ஒரு பார் என வகுக்கப்பட்டபோது, ஒரு மூல் வாயுவின் கனவளவெனத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டுவந்த 22.4 லீற்றர் 22.7 ஆயிற்று, அவகாதரோ மாறிலி 2019 மே 20ஆந் திகதி முதல் அளந்தறியும் எண்ணாயிராது, வரைவிலக்கணத்தால் நிலைநிறுத்தப்பட்ட எண்ணாகிவிட்டது. இன்றும் 22.4 என்று முழங்கும் பிள்ளையிடம் எந்த அமுக்கத்தில் என்று கேட்டுப் பாருங்கள்!

அட்டவணை விடையைத் தந்துவிடும் என்பவர்க்கு ஒரு வினா. இரும்பு(III) அயன் இரும்பு(II) ஆவதற்குரிய நியம மின்வாய் அழுத்தம் +0.77 வோற்று, இரும்பு(II) உலோகமாவதற்கு −0.44 வோற்று. இரும்பு(III) நேரே உலோகமாவதற்கு எவ்வளவு? இரண்டையுங் கூட்டி +0.33 என்றெழுதும் மாணவனை எந்த அட்டவணையும் காப்பாற்றாது. கூட்டத்தக்கது அழுத்தமன்று, சக்தி. ஆகவே ஒவ்வொன்றையும் அதனதன் இலத்திரன் எண்ணிக்கையாற் பெருக்கிக் கூட்டி மூன்றால் வகுக்கவேண்டும் என்றறிந்தவனுக்கே ஏறத்தாழ −0.04 கிட்டும். குறியே மாறிவிடுகிறது. இரு எண்களையும் மனப்பாடஞ் செய்தவனும் இவ்விடத்தில் அட்டவணையைப் பார்த்தவனுக்கு ஓரடியேனும் முந்தியவனல்லன்.

அட்டவணையைப் பார்ப்பதே ஒரு சிந்தனைத் தொழில் என்பதற்கு மெண்டலீவினும் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1875இல் பிரான்சில் லெக்கோக் டி புவாபோத்ரன் கலியத்தைக் கண்டுபிடித்து அதன் அடர்த்தி 4.7 என அறிவிக்க, அந்த உலோகத்தைக் கண்ணாலுங் காணாத மெண்டலீவ், தம் அட்டவணையின் வெற்றிடமொன்றை நோக்கியே, அது 5.9 அளவினதாய் இருத்தல் வேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்குக என்றெழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது.

அயன்களின் ஏற்றங்களையும் பொதுச் சேர்வைகளின் சூத்திரங்களையும் மாணவன் மனத்திற் கொண்டிருக்கத்தான் வேண்டும். அவை அத்துறையின் நெடுங்கணக்கு. அதற்கு மேற்பட்டதில் என் முறைப்பாடு, அட்டவணை தரப்படுகிறது என்பதன்று, போதியதாகத் தரப்படவில்லை என்பதே. ஒரு கணக்குக்கு வேண்டிய மூன்று பெறுமானங்களை மட்டும் அதன் கீழே அச்சிட்டுவிடுவதுதான் உண்மையான சலுகை. வழி இன்னதென்று அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சர்வதேச பக்கலோரியாப் பரீட்சையிற் போலப் பல பக்கத் தரவுநூலொன்றை முழுமையாகக் கொடுத்து, வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை மாணவன் தலையிற் சுமத்தட்டும்.