படத்துக்குக் கீழே யார் பெயர்?

மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்துக்கு வெளியே போன வருஷம் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைப் படம் எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். ஊசி ஏறி இறங்கும் கை, மடியில் அறுந்த செருப்பு, நல்ல வெளிச்சம். நிமிர்ந்து பார்த்தவர் பம்பாய் இந்தியில் கேட்டார்: “இத வச்சு என்ன பண்ணப் போறே?” பதில் வரவில்லை. நானும் தலித்துதான், கவிதை எழுதுகிறவன் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி.

ஆசியத் தெருக்களுக்கு வரும் பயணிகளின் கேமராவுக்கு இது பழகிய தீனி. மகாலட்சுமி ரயில் நிலையத்தையொட்டிய பாலத்தில் நின்று சலவைத் துறையைப் படமெடுக்கும் கூட்டத்துக்கு இன்றும் குறைவில்லை. வறுமைக்கு ‘வண்ணமயம்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது.

இந்தக் கண் புதுசல்ல. சாதிக்கு ஒரு ஜோடி, கையில் தொழில் கருவி என்று தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைமார்களுக்கு வரைந்து கொடுத்தார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின், 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று 8 தொகுதிகளாகப் புகைப்படங்களை வெளியிட்டது ஆங்கில அரசு. படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர், இனப் பெயர். மனுசன் பெயர் அபூர்வம். ஆளப்படுகிறவர்களை வகைபிரித்து வைக்கிற வேலை அது. அதற்குத் தோதாகப் பிறப்போடு தொழிலை முடிச்சுப் போட்டு வைத்திருந்தது யார்? வெள்ளைக்காரனா?

வங்கியில் என் மேசைக்கு வரும் கடன் விண்ணப்பத்திலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். கூடவே பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு. கடன் கிடைக்கிறதோ இல்லையோ, அங்கே அவர் ஓர் ஆள், உரிமையோடு கேட்க வந்தவர். பயணியின் படத்தில் அவர் வெறும் தொழில்.

அப்படியென்றால் படமே எடுக்கக் கூடாதா? மும்பைத் துப்புரவுத் தொழிலாளர்களை சுதாரக் ஒல்வே எடுத்த படங்களும், மலக்குழித் தொழிலாளர்களையும் மீன் விற்கும் தன் தாயையும் எம். பழனிக்குமார் எடுத்த படங்களும் நம்மிடம் உண்டு. இந்த வேலையை இவர்கள் தலையில் கட்டியது யார் என்று அவை கேட்கின்றன. கேமரா யார் கையில் என்பது முக்கியம்தான். ஆனால் அது மட்டும் போதாது. அன்றைக்கு என் கையிலும்தானே இருந்தது?

ஊர் சுற்றும் மாணவத் தோழர்களே, முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பெயர் கேளுங்கள். பிள்ளைகள் படிக்கிறார்களா, 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி இடத்துக்குச் சான்று கொடுத்தார்களா, இல்லை அடித்து விரட்டுகிறார்களா என்று பேசுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை மூடுங்கள்.

நான் எடுத்த படம் இந்த இதழில் இல்லை. கீழே போட அவர் பெயர் எனக்குத் தெரியாது.