வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியார் ஆகப்போகும் மாப்பிள்ளைகளுக்கு

கடைசி வருஷ பி.காம். வகுப்பில் வருஷத்துக்கு ஒரு காய்ச்சல் வரும். பேங்க் எக்ஸாம், டேலி, சி.ஏ. எல்லாம் வந்து போன பிறகு இந்த வருஷம் அடிக்கிற காய்ச்சல் ‘வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியார்’. ஏதாவது ஒரு டிகிரி போதுமாம். ஆன்லைனில் 120 மணி நேரம் படித்து டெஃபல் என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட வேண்டுமாம். அப்புறம் தாய்லாந்தா, வியட்நாமா, கொரியாவா என்று உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இதே பேச்சு. “வியட்நாம்ல வாடகை கம்மிடா மாப்ள.” “கொரியால ரூம் அவனே குடுக்குறானாம்டா.”

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகாதே என்று சொல்ல நான் யார்? அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்து ஆளிடம் போய் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். மழை பெய்தால் மிளகாயும் மல்லியும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி. குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஊர் நம் ஊர். 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்துப் பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் வந்தவை இரண்டே இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். அதனால் தாராளமாகப் போங்கள். என் சண்டை போவதோடு இல்லை. எங்கே போவது என்று நாம் முடிவு பண்ணுகிற லட்சணத்தோடு.

முதலில் அந்த ‘டாப் டென் நாடுகள்’ வீடியோக்கள். கடற்கரை, இளநீர், வாடகை, பீர் விலை எல்லாம் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள்: அந்தப் பட்டியல் அமெரிக்கப் பையனுக்காகப் போட்டது. அவனுக்கு எந்த நாடு வேண்டும் என்பது கேள்வி. நமக்கோ, எந்த நாட்டுக்கு நாம் வேண்டும் என்பது கேள்வி. இந்த ரெண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் சான்றிதழுக்குப் பணம் கட்டுகிறார்கள். போதாததற்கு அந்தப் பட்டியல்கள் பலதும் பழசு. 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷன் தொழிலையே நசுக்கியது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பதற்கும் தடை போட்டது. அதற்குப் பிறகும் ‘சீனாவில் பொற்காலம்’ என்று பேசுகிற வீடியோக்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

கொரியாவை எடுத்துக்கொள்வோம், அதற்குத்தானே அதிக அடிதடி. அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஈ-2 என்று ஒரு விசா. அது பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா. இவர்கள் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’. அதாவது இங்கிலீஷ் இவர்கள் நாக்கிலேயே பிறந்ததாம்.

கடைசியில் இருக்கிற பேரைக் கவனித்தீர்களா? 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போன முதல் கப்பல் அது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கப்பல்கள் போயின, நம் ஆட்களும் போனார்கள். அண்ணன் தம்பி ரெண்டு பேரில் அண்ணன் கப்பல் ஏறினான், தம்பி ஊரிலேயே தங்கினான் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அண்ணனுடைய கொள்ளுப்பேரன் டர்பனில் இங்கிலீஷ் பள்ளியில் படித்துவிட்டு, தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டோடு கொரியத் தூதரகத்துக்குப் போனால் நேட்டிவ் ஸ்பீக்கர் வரிசையில் நிற்கலாம். தம்பியின் கொள்ளுப்பேரன் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, இங்கிலீஷ் இலக்கியத்தில் தங்க மெடலே வாங்கியிருந்தாலும் அந்த வரிசையில் இடமில்லை. இதில் மொழி எங்கே வருகிறது? இது பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து நாக்கை எடைபோடுகிற வேலை. நேர்முகத்தில் வைத்துச் சோதித்து “உன் இங்கிலீஷ் போதாது” என்று திருப்பி அனுப்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சோதிக்கவே மாட்டேன் என்பதுதான் அநியாயம்.

“அவங்க உச்சரிப்பு சுத்தம், நம்ம உச்சரிப்பு தப்பு. குழந்தைங்க தப்பாக் கத்துக்கிடக் கூடாதில்ல?” என்று நம்மவர்களே இதற்கு வக்காலத்து வாங்குவார்கள். தாய்லாந்துக் குழந்தை வளர்ந்து யாரோடு இங்கிலீஷ் பேசப்போகிறது? சிங்கப்பூர்க்காரனோடும் ஜப்பான்காரனோடும் பெங்களூர்க்காரனோடும்தானே? டெக்ஸாஸ்காரன் அதில் நூற்றில் ஒருத்தனாக வருவான்.

இன்னொன்று. தமிழில் இங்கிலீஷ் மாதிரி ‘எ’, ‘தி’ கிடையாது. கொரிய மொழியிலும் கிடையாது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். கொரியனிலும் அப்படித்தான். ‘எஃப்’ ஒலி நமக்கும் வராது, அவர்களுக்கும் வராது. நாம் காபி என்கிறோம், அவர்களும் ‘ப’ போட்டு ஏறக்குறைய ‘கொப்பி’ என்கிறார்கள். கொரியக் குழந்தை ‘தி’ போடாமல் ஒரு வாக்கியம் எழுதினால் அமெரிக்க வாத்தியாருக்கு அது தப்பு என்று மட்டும்தான் தெரியும். ஏன் தப்பு வந்தது என்று நமக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் அதே தப்புக்கு உள்ளங்கையில் அடி வாங்கியவர்கள் நாம்.

இது நானாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. தாய்மொழிக்காரன்தான் நல்ல வாத்தியார் என்பது வெறும் மூடநம்பிக்கை என்று ராபர்ட் ஃபிலிப்சன் 1992-லேயே புத்தகம் போட்டு அடித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சுரேஷ் கனகராஜா 1999-ல் அதற்கும் மேலே போனார். அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் யாழ்ப்பாண மாணவர்கள் கிறுக்கி வைத்ததைக்கூட எடுத்து ஆராய்ந்தவர் அவர். நம் ஆள் ஒருத்தர் இந்தத் துறையில் உலகத்துக்கே வாத்தியாராக இருக்கிறார். நாமோ ‘நேட்டிவ்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து நின்று கும்பிடு போடுகிறோம்.

(இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். இங்கிலீஷை மனப்பாடம் பண்ண வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் நம் திருச்சுழிக்காரர்தான். 1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளி மாணவன் வேங்கடராமன், பெயின் என்பவருடைய இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுது என்று கிடைத்த தண்டனையை ரெண்டு தடவை எழுதினான். மூன்றாவதை எழுதவில்லை. திருவண்ணாமலைக்கு ரயில் ஏறிவிட்டான். பின்னாளில் ரமண மகரிஷி.)

அந்த அமெரிக்கர்கள் எப்படி வந்தார்கள் என்றும் பாருங்கள். மதுரையில் அவர்கள் மிஷன் 1834-ல் தொடங்கியது. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிலிருந்து, அப்போதுதான் படித்து முடித்த பிள்ளைகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். வந்தவர்கள் தமிழ் படித்தார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அவர்களுக்கு இருந்த கதவு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறவனுக்கு இல்லை.

சரி, அநியாயக்காரர்களை விளாசியாச்சு. இப்போது நம் பக்கம்.

நம் வறண்ட பூமிக்கு வெளிநாட்டு வேலை புதுசு இல்லை. தாது வருஷப் பஞ்சம், அதற்கு முன்னும் பின்னும் வந்த பஞ்சங்கள் எல்லாவற்றிலும் ராமநாதபுரம் சீமை ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கூட்டிக்கொண்டு போனவன் கங்காணி. முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவான். அந்தக் கடனைக் காட்டியே ஆளைத் தோட்டத்தில் கட்டிப்போடுவான். இன்றைய ஏஜென்ட் கங்காணியை விடக் கெட்டிக்காரர். நம்மிடமே முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி பண்ணச் சொல்லி அடித்து வைத்திருந்தார்கள். மீட்டுக்கொண்டு வர அரசாங்கமே இறங்க வேண்டி வந்தது. அன்றைக்கு ‘டேட்டா என்ட்ரி’ என்று சொன்ன அதே வாய் நாளைக்கு ‘இங்கிலீஷ் டீச்சர்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமல் உள்ளே விட ஆரம்பித்ததும் இந்த ஆட்களுக்குக் கொண்டாட்டம். “விசாவே வேணாம் தம்பி, போய் இறங்குங்க, அங்க பாத்துக்கிடலாம்.” சுற்றிப்பார்க்க உள்ளே விடுவது வேறு, வேலை செய்ய விடுவது வேறு. வேலை அனுமதி கையில் இல்லாமல் வகுப்பில் நின்றால் நீங்கள் வாத்தியார் இல்லை, சட்டப்படி குற்றவாளி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலும் போலீஸிடம் போக முடியாது.

சான்றிதழ் விஷயத்துக்கும் வருவோம். திருச்சுழி அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாத்தியாராக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும், டெட் தேர்வு பாஸ் பண்ண வேண்டும். தமிழ்நாட்டில் பி.காம்.காரனுக்கு நேரடியாக பி.எட். சீட்டே கிடையாது, எம்.காம். முடித்துவிட்டு வா என்பார்கள். திருச்சுழிப் பிள்ளைகளுக்கு நாம் லாயக்கு இல்லை, ஆனால் ஹனோய் பிள்ளைகளுக்கு 120 மணி நேரத்தில் லாயக்கு ஆகிவிடுவோம் என்றால், ஹனோய் பிள்ளைகளைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? வெள்ளைக்காரப் பையன் அப்படித்தானே போகிறான் என்று கேட்பீர்கள். அவன் செய்வதும் தப்புதான்.

இந்த இடத்தில்தான் கொரியாவை மறுபடி பார்க்கச் சொல்கிறேன். இந்தியாவும் கொரியாவும் 2009 ஆகஸ்டில் செபா என்ற பொருளாதார ஒப்பந்தம் போட்டன, 2010 ஜனவரி 1 முதல் அமல். கார், இரும்பு, வரி என்று நீளுகிற அந்த ஒப்பந்தத்துக்குள்ளே, இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் இங்கிலீஷ் துணை ஆசிரியராகப் போகலாம் என்று ஒரு கதவும் இருக்கிறது. நிபந்தனை: பட்டமும் வேண்டும், இங்கிலீஷ் ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். ஆக ஏழு நாட்டுக்காரனுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், நமக்கு மட்டும் முறையான ஆசிரியர் படிப்பு. இது சமம் இல்லைதான். ஆனால் சட்டம் நம் நாட்டின் பேரைச் சொல்லித் திறந்து வைத்திருக்கிற கதவு. நம் வகுப்பில் இதைப் பற்றி ஒருத்தன் பேசி நான் கேட்டதில்லை. ஏஜென்ட் சொல்ல மாட்டார், அதில் அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பக்கத்திலேயே ரெண்டு நாடுகள் இருக்கின்றன, வீடியோக்காரர்கள் கண்ணுக்குப் படாத நாடுகள். ஒன்று மாலத்தீவு. அங்கே பள்ளிப் பாடம் பெரும்பாலும் இங்கிலீஷில். இந்திய வாத்தியார்கள் இல்லாமல் பல தீவுகளில் பள்ளி நடக்காது, தமிழ்நாட்டுக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். இன்னொன்று பூடான், அங்கேயும் பள்ளி இங்கிலீஷ் மீடியம்தான். இந்திய வாத்தியார்கள் அங்கே போவது 1960-களிலிருந்து நடக்கிறது. ரெண்டு இடத்திலும் நம்மை ‘நேட்டிவ் இல்லை’ என்று யாரும் ஓரம் கட்டப்போவதில்லை. பாடத்தில் பட்டமும் ஆசிரியர் படிப்பும் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் பி.காம். படித்துவிட்டு இந்தக் கணக்கைக்கூடப் போடாவிட்டால் நமக்கு எதற்கு டிகிரி? பூடானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சரிக்குச் சரி, ஒன்றுக்கு ஒன்று. அங்கே வாங்குகிற சம்பளத்தை இங்கே பெருக்கிப் பார்க்கிற சந்தோஷம் கிடையாது. மாலத்தீவில் சம்பளம் ருஃபியாவில். நம் ஸ்டேட் பேங்க் அங்கே 1974-லிருந்து இருக்கிறது, ஆனால் நாட்டில் டாலர் தட்டுப்பாடு. ஊருக்கு அனுப்புவதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவன் அங்கே போய்த்தான் முழிப்பான். மாதம் எவ்வளவு வீட்டுக்கு வந்து சேரும் என்று கேட்க வேண்டும். அப்பா தறிக்கு வாங்கின கடனும் மில்லில் அக்கா பார்க்கிற ஷிப்டும் அந்தத் தொகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

வாழ்கிற விஷயமும் இருக்கிறது. சில நூறு பேர் இருக்கிற தீவில், சுற்றிலும் கடல், அடுத்த தீவுக்குப் படகு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு ரெண்டு வருஷம் இருக்க வேண்டும். இஸ்லாம் தவிர வேறு மதத்தை அங்கே வெளிப்படையாகக் கும்பிட முடியாது, சாமி சிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவும் முடியாது. இது சிலருக்கு ஒரு விஷயமே இல்லை. சிலருடைய அம்மாவுக்கு அதுதான் முதல் விஷயம். பூடானில் குளிர். கரிசல் வெயிலில் வளர்ந்த உடம்பு என்ன சொல்லும் என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் கல்லூரி வேலைவாய்ப்புப் பலகையில் இப்போது ஒட்டியிருப்பது ‘பேசியல் வித் பிரைடல் மேக்கப் கோர்ஸ்’ நோட்டீஸும் ஒரு டெஃபல் விளம்பரமும். டெஃபலைக் கிழிக்க வேண்டாம், அது இருக்கட்டும். பக்கத்தில் ரெண்டு தாள் ஒட்டச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். ஒன்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுக்கு அரசு உரிமம் உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்ப்பது எப்படி என்று. உரிமம் உள்ள ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பதையும் சேர்த்து. இன்னொன்று, அந்த செபா ஒப்பந்தத்தின் இங்கிலீஷ் ஆசிரியர் பகுதி, தமிழில். மொழிபெயர்ப்பு நான் பண்ணித் தருகிறேன். திங்கட்கிழமை மதியம் கையெழுத்துக்கு வருவேன், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் பேனாவை எடுத்து வையுங்கள்.