கியர் சைக்கிள்னா சத்தம் வரத்தான் செய்யுமா?

"கியர் சைக்கிள்னா அப்படித்தான் தம்பி, சத்தம் வரத்தான் செய்யும்."

இந்த ஒரு வசனத்தைச் சொல்லியே நம்ம ஊர்ல எத்தனை புது சைக்கிளைத் திருப்பி அனுப்பியிருக்காங்களோ தெரியலை. எங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் நண்பன் பதினாறாயிரம் கொடுத்து ஒரு மவுன்டன் பைக் வாங்கினான். மூணே வாரத்துல பின்னாடி கடகடகடன்னு சத்தம். கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனா, செயின்ல கொஞ்சம் ஆயில் அடிச்சு, மேற்படி வசனத்தையும் சொல்லி அனுப்பிட்டாங்க. ஃப்ரீ சர்வீஸ் முடிஞ்சுதாம்!

முதல்ல ஒண்ணு. பெடல் பண்ணாம சும்மா உருளும்போது பின் சக்கரத்துல டிக் டிக் டிக்னு வருமே, அது ஃப்ரீவீல் சத்தம். அது நியாயமான சத்தம், விட்டுடுங்க. ஆனா பெடலை மிதிக்கும்போது செயின் கடகடன்னா, அது சைக்கிளோட சுபாவம் இல்லை. யாரோ செய்யாம விட்ட வேலை.

என்ன வேலை? பின்னாடி 7 பல்சக்கரம் அடுத்தடுத்து இருக்கில்லையா, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமார் 5 மில்லிமீட்டர்தான். ஹேண்டில்பார்ல ஒரு கிளிக் தட்டினா கேபிள் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவா நகரும். செயினைத் தள்ளிவிடுற டிரெய்லியர் அதை 1.7 மடங்காக்கி, சரியா அடுத்த பல்சக்கரத்துக்குக் கீழே போய் நிக்கும். புது கேபிளும் அதோட உறையும் ஓட ஓடத்தான் இடத்துல படியும். படிஞ்சதும் கேபிள் தொய்யும். வெறும் 1 மில்லிமீட்டர் தொய்ஞ்சாலே டிரெய்லியர் நிக்க வேண்டிய இடத்துல இருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி நிக்கும். செயின் இங்கேயும் இல்லாம அங்கேயும் இல்லாம பல்லைக் கடிக்குது. அதுதாங்க அந்தக் கடகட.

இதுக்கு மருந்து என்ன தெரியுமா? கேபிள் டிரெய்லியருக்குள்ள நுழையற இடத்துலயோ, ஷிஃப்டர் பக்கத்துலயோ விரலால திருகுற மாதிரி ஒரு சின்ன உருளை இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மாட்டேன்னு செயின் அடம் பிடிச்சா, கேபிள் உள்ளே போற பக்கத்துல இருந்து பார்த்து இடஞ்சுழியா கால் சுற்று திருப்புங்க. மிதிச்சுப் பாருங்க. போதலைன்னா இன்னொரு கால் சுற்று. ஸ்பேனர்கூட வேண்டாம். இறங்கத்தான் அடம் பிடிக்குதுன்னா எதிர்ப்பக்கம். இதை வாங்கின அன்னிக்கே சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம்.

1980களோட நடுப்பகுதியில ஷிமானோ இந்தக் கிளிக் முறையைப் பரப்பறதுக்கு முன்னாடி லீவர்ல கிளிக்கே கிடையாது. ஓட்டுறவரே காதால கேட்டு, சத்தம் அடங்கற வரைக்கும் நகர்த்திக்குவார். அந்தப் பொறுப்பை நம்மகிட்ட இருந்து எடுத்து, செட் பண்றவர் கையில கொடுத்தாச்சு. அவர் செட் பண்ணாம விட்டா அது பாதி செஞ்ச சரக்கு. எங்க அக்கவுண்டன்சியில ஒரு விதி உண்டு: கொடுக்கறேன்னு ஒத்துக்கிட்டதைக் கொடுத்து முடிக்காத வரைக்கும், வாங்கின காசு முழுசா வருமானம் ஆகாது. சைக்கிள் கடைக்கெல்லாம் அந்த ஸ்டாண்டர்டு பொருந்தாதுன்னு எனக்கும் தெரியும்... ஆனா ஆசையா இருக்கு :)

அடுத்து அந்த '21 கியர்' பெருமை. முன்னாடி 3, பின்னாடி 7, பெருக்கினா 21. கணக்கு சரி. சரக்கு? முன்னாடி 42, 34, 24 பல். பின்னாடி 14-ல இருந்து 28 பல் வரைக்கும். பல வண்டியில இதுதான் அமைப்பு. 42-ஐ 28-ஆல் வகுங்க, 1.5. 24-ஐ 16-ஆல் வகுங்க, அதே 1.5. ரெண்டும் ஒரே கியர்! இப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வர்றதை எல்லாம் கழிச்சா பதினாலுதான் தேறும். அதுலயும் முன்னாடி பெருசு, பின்னாடி பெருசுன்னு போட்டா செயின் கோணலா இழுத்துக்கிட்டு முன் டிரெய்லியர் தகட்டுல உரசும். ரெண்டு பக்கமும் சின்னது போட்டாலும் அதே கதை. இதைச் சொல்லாம ஸ்டிக்கர்ல மட்டும் 21-ன்னு கொட்டை எழுத்துல ஒட்டி வெச்சா, வாங்கினவன் கொடுத்த காசுக்கு எல்லாத்தையும் போட்டுத்தான் பார்ப்பான்.

நம்ம பசங்களையும் சும்மா விடறதா இல்லை. பைக் ஓட்டுற பழக்கத்துல சிக்னல்ல நின்னுக்கிட்டே கியர் மாத்துறாங்க. டேய், செயின் ஓடினாத்தான் அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவும். நிக்கும்போது தட்டிட்டு, கிளம்பும்போது ஒரே மிதியா மிதிச்சா 'டமார்'னு சத்தம் வராம என்ன செய்யும்? மருதமலை ரோட்டுல மூச்சு வாங்க எழுந்து நின்னு மிதிச்சுக்கிட்டே கியரைத் தட்டுறவங்க இன்னொரு ரகம். சைக்கிள்ல கிளட்ச் கிடையாது. கிளட்ச் உங்க கால்தான். ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே மாத்தணும். மாத்தும்போது பெடல் சுத்திக்கிட்டே இருக்கணும், அழுத்தம் மட்டும் ஒரு நொடி தளரணும். செயினும் பல்லும் தேயறது இங்கேதான். ஆனா ஒண்ணு கேக்கறேன், இதை அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? மிக்ஸி வாங்கினாக்கூட ஓட்டிக் காட்டித்தானே தர்றாங்க?

2025 செப்டம்பர்ல சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. நல்ல விஷயம். மிச்சமான காசுக்கு பாட்டில் ஸ்டாண்டும் லைட்டும் தலையில கட்டப் பார்ப்பாங்க. அதெல்லாம் அப்புறம். காசை எண்ணிக் கொடுக்கறதுக்கு முன்னாடி, பின் சக்கரத்தைத் தூக்கி வெச்சு, பெடலைக் கையால சுத்தி, ஏழு கியரையும் ஏத்தி இறக்கிக் காட்டச் சொல்லுங்க. ஒரு மாசம் கழிச்சு கேபிளை மறுபடி பிடிச்சுத் தருவேன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. கடைக்காரர் முறைச்சார்னா, அடுத்த தெருவுலயும் கடை இருக்கு.