கடற்கரைச் சாலையும் காணப்படாத பட்டினங்களும்

சுற்றுலா என்பது ஓர் இனத்தின் வாழ்வைப் படிக்கும் கல்வியாகும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் தமிழகக் கடற்கரை அவ்வாறு படிக்கத்தக்கதொரு நெடிய ஏடு. ஆயினும், கிழக்குக் கடற்கரைச் சாலைவழிச் செல்லும் பயணியர் பலர் மாமல்லபுரம், புதுச்சேரி, இராமேசுவரம், கன்னியாகுமரி எனச் சில பக்கங்களை மட்டுமே புரட்டித் திரும்புகின்றனர். இடையிலுள்ள பழம்பட்டினங்கள் பல அவர்க்கு வெறும் பெயர்ப்பலகைகளே.

மாமல்லபுரம் 1984-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்றது நமக்குப் பெருமையே. அப்பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. எனினும், கடற்கரைப் பண்பாடு கொண்டும் கொடுத்தும் வளர்ந்த பண்பாடு என்பதை உணர, பிற பட்டினங்களையும் காண வேண்டும். பட்டினப்பாலை காட்டும் புகாரில் கடல்வழி வந்த குதிரைகளும் ஈழத்து உணவும் காழகத்துப் பொருள்களும் மலிந்திருந்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மரபினர் எழுப்பிய பௌத்த விகாரத்திற்குச் சிவநெறிச் செல்வனாகிய இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். டேனியர் 1620-இல் கோட்டை கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

கீழக்கரைக்குச் செல்வோர், பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் கற்றூண்களைக் காணலாம். கோயில் மண்டபங்களைச் சமைத்த தமிழகக் கற்கலை மரபே அங்கே தொழுகைக் கூடத்தையும் சமைத்திருக்கிறது. கடவுள் உருவங்கள் நின்றிருக்கக்கூடிய இடங்களில் பூக்களும் கொடிகளும் பொலிகின்றன. சைவராகிய படிக்காசுப் புலவர் பாடிப் போற்றிய வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊரும் அதுவே. தெற்கே, மார்க்கோ போலோ குறித்த காயல் துறைமுகத்தின் நினைவைத் தாங்கிய தாமிரபரணிக் கழிமுகப் பகுதியும் உண்டு.

இத்தகு செல்வங்கள் இன்று நம் கண்முன்னரே தேய்கின்றன. புதுப்பித்தல் என்னும் பெயரால் சமய வேறுபாடின்றிப் பழங்கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. கல்லெழுத்துகள் சுண்ணாம்பிலும் வண்ணப்பூச்சிலும் மறைகின்றன. வழிபடுவோர் பெருகுங்கால் இடம் பெருக வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. பழங்கூடத்தைக் காத்து, அதன் அருகே புதுக்கூடம் எழுப்புதலே அறிவுடைமை. இடித்த தூணைச் செதுக்கிய கை மீண்டும் வாராது.

வழிபாட்டிடங்கள் காட்சிப்பொருளாகிவிடுமோ என அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. தொழுகை நேரம் நீங்கலாகக் குறித்த பொழுதில், உரிய ஒழுங்குடன், ஊரார் ஒருவர் உடனிருந்து விளக்க, வந்தோர் கண்டு செல்லலாம். பல சமயத்தாரும் நாகூருக்கு வந்து செல்வதை நாம் அறிவோம். அயலார் வியந்து காணும்போதுதான் தம்மிடம் இருப்பதன் அருமை பலருக்கும் புலப்படுகிறது.

அரசு செய்ய வேண்டுவன பல. சாலையோரத்தில் வழிகாட்டும் பலகையும், ஊர் வரலாறு கூறும் சிறுநூலும் முதற்கண் வேண்டும். எனினும் அரசை எதிர்நோக்கியே காலங்கடத்துதல் தகாது. தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறை நாள்களில் தத்தம் ஊர்க் கல்லெழுத்துகளைப் படியெடுக்கலாம், தூண்களைப் படம்பிடிக்கலாம், வீட்டுப் பேழைகளில் உறங்கும் அரபுத் தமிழ் ஏடுகளைப் பட்டியலிடலாம், அவற்றைப் படிக்கவல்ல முதியோரிடம் அமர்ந்து பயிலலாம். அம்முதியோர் நெடுங்காலம் நம்மோடிருப்பர் என எண்ணிவிட இயலாது. ஆதலின் அப்பணி இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.